கல் பார்க்க வந்தவர்

பத்திரிகையில் ஒரே ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, குருவிகுளம் பக்கம் என் தங்கை வீட்டுக்காரரின் புஞ்சையில் துருத்திக்கொண்டிருந்த வெள்ளைப் பாறை கார்பனடைட் என்ற அபூர்வக் கல்தான், அதற்குள் செல்போனுக்கு வேண்டிய அருமண் தனிமங்கள் இருக்கின்றன என்று அடித்துச் சொன்ன மேதை நான். அவரும் அதை நம்பி, மழை பெய்தும் விதைக்காமல், நிலத்தை விலை பேச யாராவது வருவார்கள் என்று காத்திருந்தார்.

வந்தவர் ஒரு நிலவியல்காரர். ஒல்லியான மனிதர், சட்டை முழுக்க அமிலம் தின்ற ஓட்டைகள். கல்லை உடைத்து, ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பொங்கவைத்து, தண்ணீர் ஊற்றி, ஈரத்தோடு வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆய்வகத்துக்கென்று தோள்பையில் போடுவார். எல்லார் நிலத்திலும் அப்படித்தான் செய்தார்.

"பார்த்தாலே தெரியாதா சார்?" என்றேன்.

"தெரியாது. சாதாரண சுண்ணாம்புக்கல்லும் ஆசிட் பட்டா இப்படித்தான் பொங்கும். லேப்ல லாந்தனம், சீரியம் மாதிரி அருமண் எவ்வளவு இருக்குன்னு அளந்தாத்தான் சொல்ல முடியும்."

"இதுக்கு முன்னால எங்கயாவது கிடைச்சிருக்கா?"

"ஒரு ஊர்ல கிடைச்சுது. இப்ப அங்க ஊர் இல்ல. குழிதான் இருக்கு."

எங்கள் கல்லை மட்டும் வெகுநேரம் பார்த்தார். பிறகு கிணற்றைப் பார்த்தார். கல்லை வேலிக்கு அப்பால் எறிந்தார். "வெறும் சுண்ணாம்புக்கல். நாளைக்கே விதைங்க."

"நல்லாப் பாருங்க சார். மச்சான் படிச்சவுக, அவுகளே சொல்லுதாக," என்று கெஞ்சிய தங்கை வீட்டுக்காரர், இழவுச் செய்தி கேட்டவர்போல வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

அளக்காமல் எப்படிச் சொன்னார்? எங்களைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னாரோ? நெகிழ்ந்துபோய்த் தங்கையிடம் கேட்டேன்.

"நீ வேற அண்ணே. நம்மது கடைசிப் புஞ்சைல்லா? பை கனத்திருக்கும்" என்றாள்.