கொல்லை நடுவே ஒரு குடுமி

பாதி காய்ந்த புல்லை அறுக்கும்போது ஒரு வாசனை வரும். வெல்லப்பாகில் தூசி விழுந்த மாதிரி... தை மாசம் முழுக்க அந்த வாசனை என் லுங்கியை விட்டுப் போகாது.

எனக்கு அப்போது இருபது வயசு. சாலவாக்கம் பக்கம் எங்கள் ஊரில் பாதிக்குப் பாதி கூரை வீடு. கூரைக்குப் புல் வேணுமே, அதனால் ஆளாளுக்கு மேட்டுக்கொல்லையில் ஒரு துண்டை உழாமல் புல்லுக்கென்றே விட்டு வைப்பார்கள். இடுப்பு உயரம் வளரும். கவுதாரி, காடை, முயல் எல்லாம் உள்ளே வாடகை இல்லாமல் குடியிருக்கும்.

அறுப்புக்கு ஒரு முறை இருந்தது. நாலு பக்கமும் ஆள் நின்று, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அறுத்துக்கொண்டே போகணும். கவுதாரி சட்டென்று பறக்காது, புல்லுக்குள் ஓடி ஒளியும். நாங்கள் அறுக்க அறுக்க அது உள்ளே உள்ளே போகும். கடைசியில் ஒரு மாட்டு வண்டி அளவுக்குப் புல் நிற்கும். கொல்லையில் இருந்த அத்தனை கவுதாரியும் அதற்குள்தான்! வேட்டியை விரித்து அமுக்க வேண்டியதுதான் பாக்கி.

இதில் நான் கில்லாடி. நான் பிடித்துப் போன கவுதாரிக் குழம்பில் மயங்கித்தான் மாமனார் எனக்குப் பெண் கொடுத்தார் என்று இன்றைக்கும் சொல்லுவேன். என் வீட்டுக்காரி அலமேலு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அப்புறம் எல்லோரும் மாடி வீடு கட்டினோம். இனிமேல் புல் எதற்கு? உழுதோம். வரப்புக்குக்கூட களைக்கொல்லி அடித்தோம். கவுதாரி சத்தம் எந்த வருஷம் நின்றது என்று கேளுங்கள், ஒருத்தருக்கும் தெரியாது. நின்றதையே கவனிக்கவில்லை...

கவனித்தவன் அலமேலுவின் தம்பி ஏகாம்பரம். அவன் வேர்க்கடலையைக் கறையான் அரித்துக்கொண்டே இருந்தது. கிளறித் தின்ன கவுதாரி இல்லை, அதுதான் காரணம் என்றான். கடலைக்கொல்லையை ஒட்டி ஒரு துண்டை உழாமல் விட்டான். மருந்தை நிறுத்தினான். ஏரிக்கரையில் மிச்சம் நின்ற பழைய புல்லின் விதையை உருவி வந்து தூவினான்.

நான் சும்மா இருப்பேனா? டீக்கடையில் அவன் தலை தெரிந்தால் போதும். "இன்னா மச்சான், உன் கூலியாளுங்க இன்னும் வேலைக்கு வர்லியா?"

கடையே சிரிக்கும். அவனும் சிரிப்பான். மூணு வருஷத்தில் அந்தச் சிரிப்பு இளைத்துக்கொண்டே வந்தது. இந்த வருஷமும் வரவில்லையென்றால் உழுதுவிடுகிறேன் என்று பெண்டாட்டிக்கு வாக்குக் கொடுத்துவிட்டான், பாவம்.

போன புரட்டாசியில் ஒரு ஜோடி வந்தது. ஒரே ஒரு ஜோடி. ஏகாம்பரம் நடக்கும்போதே கால் தரையில் படவில்லை.

தையில் புல்லை அறுக்க என்னைத்தான் கூப்பிட்டான். மாட்டுக்குத் தீனியும் ஆச்சு, அறுத்துவிட்டால் மறுபடி நன்றாகத் தழைக்கும். பார்த்து அறு மாமா என்று சொல்லிவிட்டு உத்திரமேரூருக்கு விதைக்கடலை வாங்கப் போனான். எனக்கே பாடம் சொல்கிறானே என்று நினைத்துக்கொண்டேன்.

நான், அலமேலு, இன்னும் ரெண்டு ஆள். பக்கத்துக்கு ஒருத்தராக நிறுத்தினேன். அதே பழைய வாசனை... ஊர்க்கதை பேசிக்கொண்டே அறுத்ததில் நேரம் போனதே தெரியவில்லை.

பைக் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். நடுவில் ஒரு மாட்டு வண்டி அளவுக்குப் புல் நின்றது. சுற்றிலும் நாங்கள், கையில் அரிவாளோடு.

ஏகாம்பரம் கத்தவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழட்டவில்லை.

"மாமா... எல்லாம் அதுக்குள்ளதான் கீது. குஞ்சு பொரிச்சிக்கீது மாமா."

அரிவாளைக் கீழே போட்டேன். மனசறிந்து செய்யவில்லை, கை தானாகச் செய்த வேலை. அலமேலுதான் வாயைத் திறந்தாள். "குயம்புக்குப் புடிச்ச கை. அதுக்கு வேற இன்னா தெரியும்?"

நல்ல வேளை, பிடிக்கத் தெரிந்தவனுக்கு விடவும் தெரியும். வெட்டவெளியில் குஞ்சோடு தாய் வராது. அறுத்துப் போட்ட புல்லை அள்ளி, அந்தத் திட்டிலிருந்து வேலிப் புதர் வரைக்கும் ரெண்டு பக்கமும் கரை கட்டினேன், சத்தம் போடாமல். நடுவில் ஒரு சந்து. அப்புறம் எல்லோரும் தூரமாகப் பனைமரத்தடியில் போய் உட்கார்ந்தோம். அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்து அலமேலு பார்த்ததே இல்லையாம்.

முதலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தது. அதன் பின்னால் கொட்டைப்பாக்குக்குக் கால் முளைத்த மாதிரி குஞ்சுகள், குடுகுடுவென்று சந்துக்குள் ஓடி வேலிக்குள் போயின. கடைசியாக அப்பன் கவுதாரி.

ஆறு குஞ்சு என்கிறாள் அலமேலு. ஏழு என்கிறான் தம்பி. இன்னும் சண்டை தீரவில்லை. நான் எண்ணவில்லை, கண்ணில் தூசி விழுந்துவிட்டது. அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

நடுத்திட்டை யாரும் அறுக்கவில்லை. மொட்டைத் தலையில் குடுமி மாதிரி நிற்கிறது. "மாமா குடுமி" என்று ஏகாம்பரம் பேர் வைத்துவிட்டான். என் தலையில் ஒரு முடி கிடையாது என்பது ஊருக்கே தெரியும். இப்போது டீக்கடையில் சிரிப்பு எந்தப் பக்கம் என்று சொல்லவா வேணும்?

இருபது வயசில் விடியற்காலை கவுதாரி கத்தினால் வாயில் எச்சில் ஊறும், எழுந்து அரிவாளைத் தேடுவேன். இப்போதும் அதே கத்தல்தான். அப்பாடா, இருக்கு என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.