நூத்திப்பத்து மார்க்கு

"இன்னா வேலை?" என்று யாராவது கேட்டால் ராதிகாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். மயக்க மருந்து டெக்னீஷியன் என்று சொன்னால், "மயக்கம் போடற பொண்ணா?" என்பார்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. இதுவரை அவள் மயங்கி விழுந்ததில்லை. அன்றைக்கு விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மலைமேல் கரியாலூரில் மரவள்ளி போடும் வேடியப்பனுக்குக் குடல் ஆபரேஷன். காலமெல்லாம் பீடி குடித்த நெஞ்சு. ஆபரேஷன் முடியும் நேரம், மயக்கம் தெளியவிடும் முன், மயக்க டாக்டர் பாரதி மணிக்கட்டில் ரத்தம் எடுத்துக் கொடுத்தார். ராதிகா லேப்புக்கு ஓடினாள். ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் நூற்றுப்பத்து; இது நூற்றுக்கு இத்தனை என்கிற கணக்கில்லை. டாக்டர் முகம் சுளித்தார். "தொண்டை டியூப் இருக்கட்டும், மூச்சு மிஷின்லயே வைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆபரேஷனுக்குப் போய்விட்டார். வெளியே போய்ச் சொல்லும் வேலை ராதிகா தலையில்.

வேடியப்பனின் மனைவி கொளஞ்சியம்மாள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எவ்ளோ வந்துச்சு பாப்பா?"

"நூத்திப்பத்துக்கா." அந்த வாய்க்கு அப்போதே பிளாஸ்திரி போட்டிருக்க வேண்டும்.

"நூத்துக்கு நூத்திப்பத்தா! அப்பறம் ஏன் வாயில கொழா?"

"அக்கா, நாம இழுக்கற காத்துல ஆக்சிஜன் நூத்துல இருபத்தொண்ணுதான். அவருக்கு எண்பது குடுத்துக்கினு இருக்கோம். அவ்ளோ குடுத்தா நல்ல நெஞ்சுக்கு நானூறு வரணும்."

"நூத்துக்கு மேல ஏது மார்க்கு? ஏமாத்தாத."

"சரி, மார்க்குன்னே வெச்சுக்கங்க. மடி நெறைய பிட்டு வெச்சுக்கினு எழுதியும் நூத்திப்பத்துதான். பிட்ட புடுங்கினா இன்னா ஆவும்?"

கொளஞ்சியம்மாளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதுதான் வினை. போனை எடுத்து மலைக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்: "இவரு பிட்டடிச்சு மாட்டிக்கினாராம்! அதான் உள்ளயே புடிச்சு வெச்சிருக்காங்க!"

பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத மனுஷன் அவர்.

ராதிகா வீட்டுக்குப் போகிற தியாகதுருகம் பஸ்ஸை விட்டுவிட்டு, கறுவிக்கொண்டே அவருக்குச் சளியை உறிஞ்சி எடுத்தாள், தலைமாட்டை உயர்த்தினாள், போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆக்சிஜனை நாற்பதுக்கு இறக்கி மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அதே நூற்றுப்பத்து! பாதி ஆக்சிஜனிலேயே அவ்வளவு வருகிறது, நெஞ்சு தேறிவிட்டது, டியூபை எடுக்கலாம் என்றார் டாக்டர். ராதிகா மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னாள்.

கொளஞ்சியம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "நேத்தும் நூத்திப்பத்து, இன்னிக்கும் நூத்திப்பத்து. அப்ப நேத்தே எடுக்க வேண்டியதுதான? சும்மாவா கட்டிப்போட்டு வெச்சீங்க?"

 ராதிகா டியூப் எடுக்கும் சாமான் தட்டைத் தூக்கிக்கொண்டு, கதவைக் காலால் சாத்திவிட்டு உள்ளே போனாள்.