தூக்கிவிடுவது நாளைக் காலையில்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே பாதி மறந்துவிட்டது. காய்ந்து வரும் படுக்கை விரிப்புகளை மடிப்பதுதான் வேலை. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நிற்பார்கள். ஆளுக்கு இரண்டு முனை. உதறி, இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். நாள் முழுக்க இதேதான் என்றால் மனுஷிக்குப் பைத்தியம் பிடிக்காதா? பிடிக்காமல் இருக்கத்தான் ரேடியோ கதை சொன்னாள்.

சும்மா சொல்லக்கூடாது, வாய் அப்படிப்பட்ட வாய். கதை ஓடினால் கைகளும் ஓடுகின்றன என்று சூப்பர்வைசரும் கண்டுகொள்ளாமல் விட்டார். மாலை மணி அடிக்கப் போகும் நேரம் பார்த்து, கதையில் வருகிற பெண்ணை மீளவே முடியாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவாள். கதையின் அந்த இடத்துக்குக் கூடத்தில் பள்ளம் என்று பெயர். "பாவி, பள்ளத்துல தள்ளிட்டு வீட்டுக்குப் போறா பாரு" என்று திட்டிக்கொண்டே எல்லோரும் கிளம்புவார்கள். மறுநாள் முதல் விரிப்பை உதறும்போது கதையில் யாராவது வந்து அந்தப் பெண்ணைத் தூக்கிவிடுவார்கள். தொலைந்துபோன அண்ணன் வருவான், இல்லாவிட்டால் மனசு மாறின மாமியார் வருவாள். ஒவ்வொரு கதைக்கும், "எம் பொண்ணு மேல சத்தியம், எனக்குத் தெரிஞ்சவளுக்கு நடந்ததுடீ" என்பாள். அத்தனையும் புளுகு. அது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் சத்தியம் பண்ணினால்தான் அவர்களுக்கு ருசி.

அப்படிப்பட்டவளைத்தான் புருஷன் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான், படுபாவி. ஒரு நாள் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது மகளையும் கையில் பிடித்துக் கொடுத்து, "ரெண்டு பேரும் இனிமே இந்தப் பக்கம் தலைகாட்டாதீங்க" என்று சொல்லி உள்ளே தாழ் போட்டுக்கொண்டான். பிறந்த வீடு என்று போய் நிற்க அவளுக்கு ஒருவரும் மிச்சமில்லை. ஆறு வயதுக் குழந்தையை வாசல் காவலாளியின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தாள். ராத்திரி இதை எங்கே படுக்கவைப்பது? மண்டைக்குள் அது ஒன்றுதான் ஓடியது.

வழி இல்லாமல் இல்லை. அவளோடு ஜோடியாக மடிக்கிற நெட்டையக்காவின் வீட்டில் பின்னறை காலியாக இருந்தது. மகன் வெளியூர் போனதிலிருந்து கட்டிலும் மெத்தையுமாகச் சும்மா கிடக்கிறது என்று அக்காவே அடிக்கடி அங்கலாய்ப்பாள். ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. இத்தனை பேரை அழவைத்த கதை ராணிக்குத் தன் அழுகையைக் காட்ட வெட்கம். அந்தக் கௌரவத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போட! கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டாள். கதையாகச் சொன்னாள்.

புருஷன் தாழ் போட்டதைச் சொன்னாள். குழந்தை கதவைத் தட்டித் தட்டி, "அப்பா, என் செருப்பு உள்ள இருக்கு" என்று கேட்டதைச் சொன்னாள். நெட்டையக்கா விரிப்பின் முனையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதுதான் சமயம் என்று ரேடியோ நினைத்தாள்.

"அவகூட வேலை செய்யறவ வீட்டுல ஒரு அறை காலியா இருக்கு. இவளுக்குக் கேக்கக் கூச்சம். நீங்க சொல்லுங்கக்கா, அவ கொடுப்பாளா?"

நெட்டையக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நன்றாக யோசித்தாள். "கொடுக்கக்கூடாதுடீ. இப்பவே கொடுத்துட்டா அப்புறம் கதையில என்ன இருக்கு? புள்ளய இழுத்துக்கிட்டு நாலு நாள் தெருத்தெருவா அலையட்டும்."

"மழை பெய்யட்டும். புள்ளைக்குக் காய்ச்சல் வரட்டும்" என்றாள் பக்கத்து ஜோடியில் நின்ற கண்ணாடிக்காரி. அது நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

ரேடியோவின் கை நின்றுவிட்டது. "அது நான்தான்க்கா" என்றாள்.

எல்லோரும் விரிப்பைப் பிடித்தபடியே அவள் பக்கம் திரும்பினார்கள். பிறகு யாரோ கை தட்டினார்கள்.

"அடிப்பாவி, ஒரு நிமிஷம் எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு" என்றாள் கண்ணாடிக்காரி.

"நிஜமாக்கா. எம் பொண்ணு மேல சத்தியம்."

அவ்வளவுதான், கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் மணி அடித்தது.

வாசலில் குழந்தையைப் பார்த்ததும் நெட்டையக்கா அசந்துபோனாள். "கதைய நம்ப வைக்க புள்ளய வேற கூட்டிட்டு வந்திருக்கா பாரேன். செருப்பு கூட போடல." குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். "நீ சொன்னதுலயே பெரிய பள்ளம் இதுதாண்டீ. காலையில மறக்காம தூக்கி விட்டுடு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். ரேடியோ நிறுத்தவில்லை.

தாயும் மகளும் அன்று ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் காத்திருக்கும் பெஞ்சில் படுத்தார்கள். யாருக்கு உடம்பு சரியில்லை என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டபோது, அவள் வாய்க்கு வந்த ஒரு பொய்யைச் சொன்னாள். குழந்தை தலையணை கேட்டு அழுது, மடியில் தூங்கியது.

காலையில் நெட்டையக்கா ஆவலோடு முதல் விரிப்பை எடுத்தாள். "ம், சொல்லு. யாரு தூக்கிவிட்டா?"

"கூட வேலை செய்யறவதான்" என்றாள் ரேடியோ. நேற்றுப் போட்ட அதே உடுப்பு, சீவாத தலை. "ராத்திரியே தேடிக்கிட்டு வந்துட்டா. 'ஏண்டீ, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா'ன்னு திட்டிக்கிட்டே புள்ளயத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டா. வீட்டுக்குக் கொண்டுபோய் மெத்தையில படுக்கவச்சா."

"ப்ச், இவ்ளோ சீக்கிரமாவா" என்றாள் கண்ணாடிக்காரி.

நெட்டையக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சும்மா இருடீ. அவ மகராசி. அந்த மனசு இந்தக் காலத்துல யாருக்கு வரும்?" என்று சொல்லி, தன் இரண்டு முனைகளையும் கொண்டுவந்து ரேடியோவின் கையில் கொடுத்தாள்.