ஆரணியில் ஒரு அட்ஜஸ்ட்

ஆரணி பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் என்னை நாலாவதாகத் திணித்த கண்டக்டர் சொன்னது, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." ஆறிப்போன டீக்கு டீக்கடைக்காரர் சொன்னதும் அதேதான். இப்போது பட்டுக்கடை முதலாளி சொல்கிறார். அக்கா மகள் முகூர்த்தப் புடவைக்கு அரக்கு பார்டர் கேட்டிருந்தோம். கத்திரிப்பூ நிறத்தில் நெய்து வைத்திருக்கிறார்கள்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார், மண்டபத்து லைட்ல தெரியாது."

"அப்புறம் பகல்ல கட்டவே மாட்டாளா?" என்கிறேன். சிரிக்கிறார். எதையும் அடுத்தவன் தலையில் கட்ட இவர்களுக்கு இந்த ஒரு வார்த்தை போதும்.

தறிக்காரர் ஒருவர் தான் நெய்த வேறொரு புடவையைக் கொண்டுவந்து விரிக்கிறார். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார்.

"இங்க ஒரு இழை அறுந்துகீது. எடுத்துகினு போ."

"ஒரு இழைதானேங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"தொழில்ல அந்தப் பேச்சே கூடாது" என்கிறார் முதலாளி, என் கத்திரிப்பூ பார்டரைப் பைக்குள் திணித்துக்கொண்டே.