தட்டில் இருந்த தோட்டாக்கள்

எங்கள் அலுவலகத்தின் வாசல் கதவுக்குப் பின்னால் வரிசையாக ஆணிகள் அடித்திருக்கும். மழைக்கோட்டு, தொப்பி, ஈரக் கையுறை எல்லாம் அதில் தொங்கும். அவற்றோடு கைத்துப்பாக்கி உறைகளும் தொங்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர்கள் கழுத்து அட்டையைக் கழற்றுவதுபோல நெஞ்சிலிருந்து துப்பாக்கியைக் கழற்றிவிட்டு, காபி இருக்கிறதா என்று கேட்பார்கள். அலாஸ்காவுக்கு வந்த முதல் வாரம் அந்த ஆணிகளுக்கு எதிரே நின்று டீ குடிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ராஜபாளையத்தில் நான் கிட்டத்தில் பார்த்த ஒரே துப்பாக்கி, வங்கி வாசலில் காவல் இருந்தவருடையது. அதன் குழலில்தான் அவர் சாப்பாட்டுப் பையை மாட்டி வைப்பார்.

எனக்கு இங்கே ஆற்றில் நீரோட்டம் அளக்கும் வேலை. சால்மன் மீன் ஏறிவரும் ஓடைகளில் தண்ணீர் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மீன் ஏறுகிற இடத்துக்குக் கரடியும் வரும். அதனால் இரண்டு பேராகத்தான் அனுப்புவார்கள். ஒருவர் தண்ணீரில் இறங்கி அளந்தால் மற்றவர் கரையில் காவல் நிற்க வேண்டும். என் ஜோடி டேனா என்ற அம்மாள். ஐம்பது வயதிருக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். முதல் நாளே என்னிடம் கேட்டார்.

"உங்கள் ஊரில் கரடி உண்டா?"

"உண்டு. என் அப்பாவுக்கு அதுதான் வேலை."

"வந்தால் என்ன செய்வார்?"

"சத்தம் போடுவார்."

"அப்புறம்?"

"அது போய்விடும்."

"போகாவிட்டால்?"

"இன்னும் சத்தமாகப் போடுவார்."

நான் வேடிக்கையாகப் பேசுவதாக நினைத்து டேனா சிரித்தார். நானும் கூடச் சிரித்துவைத்தேன். அப்பாவின் பிழைப்பைச் சொன்னால் அது நகைச்சுவையாகிவிடுகிறதே என்று அன்று இரவெல்லாம் மனசு உறுத்தியது. அதைவிட, கூடச் சேர்ந்து சிரித்தது உறுத்தியது.

அப்பா தேவதானத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு முதலாளியின் தோப்புக்குக் காவல். பாதி தென்னை, பாதி மா. மாம்பழத்துக்கும் இலந்தைப் பழத்துக்கும் கரையான் புற்றுக்கும் கரடி இறங்கும். அப்பாவிடம் ஓர் அரிவாளும் ஒரு டார்ச்சும் தட்டிச் சத்தம் எழுப்ப ஒரு எண்ணெய் டின்னும் உண்டு. அம்மாவுக்கு ராஜபாளையத்தில் நூற்பாலையில் வேலை. இரண்டு பேரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. நான் ஸ்ரீவில்லிபுத்தூர் விடுதியில் தங்கிப் படித்து, பொறியியல் முடித்து, மேல்படிப்புக்கு இங்கே வந்தவன்.

துப்பாக்கி வாங்குவது எனக்கு லேசாக இல்லை. என்னைப்போல வேலை விசாவில் இருப்பவன் துப்பாக்கி வைத்துக்கொள்ள வேட்டை உரிமம் வேண்டும் என்றார்கள். உரிமத்தோடு டேனாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனால் கடைக்காரர், "என்ன வேட்டையாடுவாய்?" என்றார். எதுவும் இல்லை என்றேன். "அப்புறம் உரிமம் எதற்கு?" துப்பாக்கி வாங்க. "துப்பாக்கி எதற்கு?" கரடிக்கு. "அப்படிச் சொல், கரடி வேட்டை." இல்லை, கரடி பக்கத்தில் வராமல் இருக்க என்றேன். அவர் டேனாவைப் பார்த்தார். டேனா எனக்காக ஏதோ வேகமாகச் சொன்னார், இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

முதலில் ஆறு குண்டு போடும் பெரிய ரிவால்வரைக் கையில் கொடுத்தார்கள். துப்பாக்கி சுடும் மைதானத்தில் ஒருமுறை சுட்டதும் மணிக்கட்டு நெற்றிவரை வந்துவிட்டது. இரண்டாவது குண்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. அடக்க முடியாத பெரிய துப்பாக்கியைவிட, அடுத்தடுத்து ஒரே இடத்தில் சுட முடிகிற துப்பாக்கி மேல் என்று டேனா சொல்லி, பத்து மில்லிமீட்டர் பிஸ்டல் ஒன்றை எடுக்கவைத்தார். அதற்குத் தட்டை முனையுள்ள கெட்டியான தோட்டா. மனிதர்களுக்கென்று விற்கும் தோட்டா கரடியின் கொழுப்பிலேயே நின்றுவிடுமாம், இது எலும்புவரை போகுமாம். வாங்கின தோட்டாவையே நிறையச் சுட்டுப் பார்த்து, எங்கும் சிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் காட்டுக்குக் கொண்டுபோக விட்டார். குழல் நுனியிலுள்ள முன்குறி மங்கல் வெளிச்சத்திலும் தெரியும்படி ஆரஞ்சு நிறத்தில் மாற்றினோம். இடுப்பில் கட்டினால் முதுகுப்பையின் வார் மறைக்கும் என்பதால் நெஞ்சுக்குக் குறுக்கே உறை. மழைக்கோட்டுக்கு மேலே, பை வாருக்கும் மேலே. ஒரு சிறு வண்டியில் அட்டைக் கரடியைக் கட்டி என்னை நோக்கி இழுப்பார்கள். அது வந்து சேருவதற்குள் நான் எடுத்துச் சுட்டிருக்க வேண்டும். நூறு தடவை செத்த பிறகு ஒரு நாள் தப்பித்தேன். அதன் பிறகு கை தானாக நெஞ்சுக்குப் போகப் பழகியது.

உறையை மாட்டி ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அனுப்பியிருக்க வேண்டாம். அம்மா அதை ஆலையில் ஒரு ஷிப்ட் முழுக்கக் காட்டியிருக்கிறார்.

அந்த வருடம் சரஸ்வதி பூசையன்று சாயங்காலம் வீட்டுக்கு வீடியோவில் பேசினேன். அவர்களுக்கு மறுநாள் காலை ஆகியிருந்தது.

"ஏய்யா, இங்க விடிஞ்சு மறுபூசையும் போட்டாச்சு. நீ இப்பத்தான் பூசையே போடுதியா?"

"இங்க இன்னைக்குத்தான்மா பூசை."

"நல்ல ஊரு போ. சாமிக்கே ரெண்டு நாளு வேல. துப்பாக்கிய எடுத்து வையி."

"அது எதுக்கும்மா?"

"அதுதான உனக்குச் சோறு போடுது."

"சோறு போடுறது கம்ப்யூட்டரு."

"அதையும் சேத்து வையி."

அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் வாசலில் வாங்கிப் பெட்டியில் திணித்துவிட்டிருந்த சந்தனத்தைக் குழைத்து வைத்தேன். அப்பாவின் முகம் அம்மாவைத் தள்ளிக்கொண்டு திரைக்குள் வந்தது.

"ஏலே, குண்ட எடுத்துட்டியா? எங்க, காட்டு."

ஒரு தட்டில் பொரிகடலைக்குப் பக்கத்தில் தோட்டாக்களை வைத்துக் குங்குமம் இட்டிருந்தேன்.

"எம்புட்டு இருக்கும்?"

"பதினஞ்சுப்பா."

"ஒரு கரடிக்கா? நம்ம கரடிக்குத் தெரிஞ்சா சிரிக்கும்லே."

அம்மா சிரிக்கவில்லை. "நாளைக்கு மறுபூசை போடாம தொட்டுறாத. நான் கூட இருந்து சொல்லுதேன். போன வருசம் உங்கப்பா பட்டபாடு தெரியும்ல."

தெரியும். பூசையில் வைத்த அரிவாளை அன்றைக்கே எடுத்து வாழையிலை வெட்டப் போய், காலில் போட்டுக்கொண்டார். பொங்கல்வரை நொண்டினார். அப்போது, "நனைந்த பிடி, வழுக்கியிருக்கும்" என்று நான் விளக்கம் சொன்னேன். படித்தவன் அல்லவா.

மறுநாள் மழை வரும்போல இருந்ததால் டேனா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து ஹாரன் அடித்தார். அம்மாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அங்கே அப்போது ராத்திரி ஷிப்ட், ஆலைக்குள் செல்போன் கூடாது. மறுபூசை இல்லாமல் எப்படி எடுப்பது? துப்பாக்கி இல்லாமல் போனால் காட்டுக்குள் விட மாட்டார்கள். பிறகு ஒரு கணக்குப் போட்டேன். துப்பாக்கி வெறும் இரும்பு, அதை எடுத்தால் பாதிக் குற்றம். தோட்டாவைத் தொட்டால்தான் முழுக் குற்றம். ஒரு நாள்தானே, சாயங்காலம் வந்து அம்மாவோடு முறையாகச் செய்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். சந்தனத்தைத் துடைத்துவிட்டு வெறும் துப்பாக்கியை உறையில் செருகினேன். பொறியியல் படித்தவன் போட்ட கணக்கு இது. நெஞ்சில் பாரம் குறைவாக இருந்தது எனக்குத் தெரிந்தது. டேனாவுக்குத் தெரிய வழியில்லை.

அன்று கரையில் காவல் என் முறை. டேனா குனிந்து அளப்பதற்கு இடைஞ்சல் என்று தன் துப்பாக்கியைக் கழற்றிப் பையோடு கரையில் வைத்தார். கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான் டப்பாவும் அந்தப் பைக்குள்தான். எனக்கும் பைக்கும் நடுவே ஆறு வளைந்து போனது. "நீ இருக்கிறாய் அல்லவா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. எங்கம்மா தொடக் கூடாது என்று சொன்னார் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாலும் சின்னப் பையன் பேச்சாக இருந்தது. அந்த வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

எதிர்க்கரைப் புதரை விலக்கிக்கொண்டு கரடி வந்தது. எங்கள் ஊர்க் கரடி போல இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டிய உடம்பு. தண்ணீர்ச் சத்தத்தில் டேனாவுக்குக் கேட்கவில்லை, முதுகைக் காட்டி நின்றார். என் கை பழகினபடி துப்பாக்கியை எடுத்து நீட்டிவிட்டது. ஆரஞ்சுக் குறி கரடியின் கழுத்தில் நின்றது. உள்ளே ஒன்றுமில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அப்போது என் வாயிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "ஹோய்... போய்யா... அங்கிட்டுப் போய்யா..." கரடி எழுந்து நின்று மோப்பம் பிடித்தது. டேனா திரும்பிப் பார்த்தார். நான் கத்திக்கொண்டே இருந்தேன். அது கீழே இறங்கி, ஒரு மீனைக் கவ்விக்கொண்டு வந்த வழியே போனது.

டேனா கரையேறி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "புதிதாக வருகிற யாராக இருந்தாலும் சுட்டிருப்பார்கள். நீ பொறுத்தாய். இவ்வளவு நெஞ்சுரம் உனக்கு எங்கிருந்து வந்தது?" என்றார். வண்டிவரை அந்தப் புகழ்ச்சியைச் சுமந்துகொண்டு நடந்தேன். அந்தத் தூரத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

வண்டியில் ஏறுமுன் இருவரும் துப்பாக்கியைக் காலி செய்து ஒருவருக்கொருவர் காட்ட வேண்டும். அது விதி. நான் காட்டினேன். டேனா பார்த்தார்.

"எங்கே?"

"வீட்டில். ஒரு தட்டில்."

"தட்டிலா?"

சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"உங்கள் கிறிஸ்துமஸ் மாதிரியா?"

"இல்லை. கருவிகளுக்கு ஒரு நாள் ஓய்வு."

"நல்ல வழக்கம்தான்" என்றார். அதில் கேலி இல்லை. "என்னிடம் சொல்லியிருந்தால் என்னுடையதை நான் கழற்றியிருக்க மாட்டேன். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் தேவலை. அம்மாவின் பேச்சை நம்பியதற்காக எனக்கு இப்போது வெட்கமில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, ஒரு மனுஷியை முதுகு காட்டி நிற்கவைத்தேனே, அதற்குத்தான்.

மறுநாள் மேலதிகாரியிடம் நானே சொன்னேன். பனி உருகும்வரை மேசை வேலை என்றார்கள். டேனா ஒருநாள் என் மேசைக்கு வந்து, "ஏப்ரலில் ஆறு திறக்கும். உனக்கு முதுகைக் காட்டி நிற்க முடியுமா என்று அதற்குள் நான் யோசிக்க வேண்டும். நீயும் யோசித்து வா" என்றார்.

மார்கழியில் விடுப்பு எடுத்து ஊருக்கு வந்தேன். அந்தத் துப்பாக்கிப் படம் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சேத்தூரில் டீக்கடையில் ஒருவர், "மாப்ள, எத்தன கரடிய கவுத்த?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். "பாத்தியளா, பெரிய எடத்துக்குப் போனாலும் புள்ளையோட அடக்கத்த" என்றார் அவர். வீட்டில், கரடி வந்தது, சத்தம் போட்டேன், போய்விட்டது என்று மட்டும் சொல்லியிருந்தேன். "பூசையில வச்சமுல்லா, அதான்" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி முடித்திருந்தார். அவரிடம் மிச்சத்தைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

தோப்புக்கு நடந்து போகும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முன்னால் நடந்துகொண்டே கேட்டார்.

"அந்தம்மாவுக்குப் புள்ளைக இருக்கா?"

"ரெண்டு பேருப்பா."

அவர் நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வா" என்று மட்டும் சொல்லி நடந்தார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாய்க்காலில் மண் அடைத்திருந்தது. அப்பா மண்வெட்டியோடு இறங்கிக் குனிந்தார். "செத்த நேரம் மலப்பக்கமா பாத்துக்கிட்டு நில்லு. இலந்தை பழுத்துக் கெடக்கு, இந்த நேரந்தான் எறங்கும்." நான் நின்றேன். உண்ணிச்செடிப் புதர் அசைந்தது. கறுப்பாக, புழுதி படிந்த முடியோடு, தலையைத் தொங்கப்போட்டபடி அது வெளியே வந்தது. சின்ன வயதில் எத்தனையோ தரம் பார்த்த கரடிதான். அப்பா முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். நான் சத்தம் போட வேண்டும். ஆனால் என் கை நெஞ்சுக்குப் போய்விட்டது. சட்டையைப் பற்றிக்கொண்டு எதையோ தேடியது. தேடி முடிக்கும்வரை தொண்டை காத்திருந்தது போல. ஒரு சத்தமும் வரவில்லை.

வாடை அடித்திருக்க வேண்டும், அப்பாவே நிமிர்ந்தார். மண்வெட்டியைக் கல்லில் ஓங்கித் தட்டி, "ஹோய்... போய்யா... அங்கிட்டுப் போய்யா" என்றார். கரடி உறுமிவிட்டு, திரும்பிப் புதருக்குள் போனது. சுள்ளிகள் ஒடிகிற சத்தம் மேலே ஏறிக்கொண்டே போனது.

திட்டத்தான் திரும்பினார். சட்டையைக் கொத்தாகப் பிடித்தபடி நின்ற என் கையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு வாய்க்காலிலிருந்து ஏறி ஓடிவந்தார்.

"என்னலே, நெஞ்சு வலிக்கா? எந்தப் பக்கம்லே வலிக்கி?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் நம்பவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கையை இறக்கிவிட்டு, சேறு படிந்த உள்ளங்கையால் என் நெஞ்சைத் தடவிவிட்டார். காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார். அவர் தோளுக்கு மேலாக அந்தப் புதரைப் பார்த்துக்கொண்டே, குரல் வருகிறதா என்று நான் மெதுவாகச் செருமிப் பார்த்தேன்.