தோமினா என்றால் மாதா

லத்தீன் படிக்கிறேன் என்று சொன்னதற்காகவே, அப்பாவுக்குத் தெரிந்த அன்ரி ஒருவர் எனக்குத் தன் வீட்டில் ஓர் அறை தந்தார். யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடப் பள்ளியில் படித்தவர். மெல்பேர்னில் தாதியாக வேலை பார்த்தார். அங்கிள் இறந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. எழுபதுகளின் நடுப்பகுதி அது. பூசை லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது அன்ரிக்குப் பெரிய குறை.

"இங்கிலிசிலை செபம் சொன்னா வங்கியிலை கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்பார்.

கிளேட்டனில், பல்கலைக்கழகத்தில், நான் படித்ததோ செபம் அல்ல. இடைக்கால ஐரோப்பாவின் குருமார் ஒளித்து எழுதிய காதல் பாட்டுகள். மாதாவுக்குச் சொல்லும் அதே வார்த்தைகளை எடுத்து, எவனோ ஒரு பிரபுவின் மனைவி முன்னால் முழங்காலிட்டு, 'தோமினா, நான் உன் அடிமை' என்று கெஞ்சுவார்கள். தோமினா என்றால் தலைவி. கோயில் மொழியைக் கொண்டே கோயிலைக் கேலி செய்த துணிச்சல் என்று வகுப்பில் வாய் கிழியப் பேசுவேன். வீட்டில் அந்த வாய் திறக்காது.

ஒரு பின்னேரம் குசினிக் கதிரையில் இருந்து அப்படியொரு பாட்டை உரத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அன்ரி அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"தோமினா எண்டா மாதாதானே, பிள்ளை?"

உண்மையைச் சொன்னால், காதல் பாட்டுப் படிக்கவா பெட்டையை இவ்வளவு தூரம் அனுப்பினீர்கள் என்று அப்பாவுக்கு எழுதிவிடுவார். படிப்பு அதோடு சரி. பயந்துபோய் "ஓம் அன்ரி" என்றேன்.

அவர் அத்துடன் விடவில்லை. வரி வரியாகக் கேட்டுப் பாடமாக்கினார். தினமும் செபமாலை முடிய அந்தப் பாட்டு. கடைசி வரியில் அந்தக் குரு ஒரேயொரு முத்தம் கேட்பான். அன்ரி அந்த இடத்தில் நெஞ்சில் கை வைப்பார். நான் பக்கத்தில் முழங்காலில் நின்று "ஆமென்" சொல்வேன். முதல் சில நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஒருநாள் பங்குச் சுவாமியார் சாப்பிட வந்தார். வயதான ஐரிஷ்காரர். அன்ரி பெருமையோடு பாட்டைச் சொல்லிக்காட்டி, "இவதான் சொல்லித் தந்தவ" என்பதை ஆங்கிலத்தில் வேறு சொன்னார். கிழவருக்கு லத்தீன் தெரியாமல் இருக்குமா? கோப்பையைப் பார்த்தபடியே கேட்டு முடித்தார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழகான பாட்டு, கடைசி வரியை மட்டும் விட்டுவிடலாம் என்று அன்ரியிடம் மெல்லச் சொன்னார்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்து அன்ரி மேசையைத் துடைத்தார்.

"சுவாமி சொன்னவர்தான். எண்டாலும் அந்த வரியை நான் விடமாட்டன், பிள்ளை. மற்றதெல்லாம் மாதாவுக்கு. அது வரேக்கைதான் எனக்கு அங்கிளின்ர முகம் வாறது."

அந்த வரிக்கு அர்த்தமே அதுதான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"கோப்பையளை நான் கழுவுறன், அன்ரி" என்றேன்.