கை நுழைந்த விரிசல்

செம்மண்ணும் சாணமும் நறுக்கிய வைக்கோலும் மூன்று நாள் ஊறிக் கிளம்பும் புளித்த வாடை எனக்கு இன்றுவரை நாற்றமாகத் தெரிந்ததில்லை. அந்தக் கோடை விடுமுறையில், ஆந்திர எல்லையோரம் நகரியில் எங்கள் மண்வீட்டு வாசலில், கணுக்கால் புதையும் சேற்றில் நானும் அம்மாவும் நின்று மிதித்தோம். விரலிடுக்கில் சேறு பிதுங்கும்போது கூச்சம் தாங்காமல் நான் சிரித்தால், "மிதிடி, பல்ல காட்டிக்கினு நிக்காத" என்று அம்மா அதட்டுவாள். எனக்கு அப்போது பத்து வயது.

வீடு என்றால் ஒரே நீள அறை, மேலே ஓடு, பாதி இடத்தை அடைத்து நைனாவின் தறி, மிச்ச இடத்தில் நாங்கள் மூன்று பேர். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அடுத்த வீட்டுக்காரர் பவர்லூம் போட்ட நாளிலிருந்து, அது ஓடும் நேரமெல்லாம் எங்கள் பின்சுவர் நடுங்கியது. நடுங்கி நடுங்கி மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் விட்டது. என் கை மணிக்கட்டு வரை அதில் நுழையும். புளியங்கொட்டை, உடைந்த வளையல், ஒரு சிவப்புப் பென்சில் என்று என் ஆஸ்தி முழுவதும் அதற்குள்தான் இருந்தது. ஆனால் அந்தச் சுவரிலிருந்து தறி ஒரு முழம்கூடத் தள்ளி இல்லை. "இன்னொரு மழைக்கி இது தாங்காது, வுழுந்தா தறி மேலதான் வுழும்" என்று நைனா அடிக்கடி சொல்வார். அதனால்தான் சர்க்கார் பணம் கொடுத்துக் கட்டவைக்கும் "பக்கா வூட்டு"க்கு மனுப் போட்டிருந்தார். லிஸ்டில் பேர் வந்துவிட்டால் முதல் வேலையாகப் பின்சுவரைக் கல்லில் எழுப்பிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

வீட்டைப் பார்க்க ஆபீசர் வருகிறார் என்ற சேதி ஒரு வாரம் முன்னாலேயே வந்து சேர்ந்தது. வந்தது வினை. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு ஆகட்டும், சாவுக்குத் துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு ஆகட்டும், வீட்டைப் பூசி மெழுகாமல் வாசல் காட்டி அறியாத ஜனங்கள் நாங்கள். "பாக்க வர்றவங்க கண்ணுக்கு நம்ம கஷ்டம் தெரியக் கூடாது" என்பது அம்மா நாளைக்கு நாலு தடவை சொல்வது. எங்கள் கஷ்டத்தைப் பார்க்கத்தான் அந்த மனிதர் வருகிறார் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நைனா தறியை நிறுத்திவிட்டுச் சுவரில் இறங்கினார். நெசவுக்காரர் கை சும்மா இருக்குமா? பாவு நூலுக்குக் கஞ்சி தடவும் பெரிய பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து, பூசிய மண்ணை ஒரே திசையில் இழுத்து இழுத்து, கஞ்சி போட்ட துணி மாதிரி மொழுமொழுவென்று ஆக்கிவிட்டார். விரிசலை அடைத்தது நான்தான். உள்ளே போகிற கை என்னுடையது ஒன்றுதானே. புளியங்கொட்டைகளை எடுத்துவிட்டேன், பென்சில் ஆழத்தில் சிக்கிக்கொண்டது, கிடக்கட்டும் என்று உருண்டை உருண்டையாக மண்ணைத் திணித்தேன். காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்து, அதே இடத்தில் செம்மண்ணால் ஒரு சேலை பார்டர் வரைந்தேன். கொடி, மாங்காய் எல்லாம் போட்டு.

ஆபீசர் நல்ல மனிதர். மோர் வாங்கிக் குடித்தார். சுற்றிப் பார்த்துவிட்டு "இல்லு பாகுந்தம்மா" என்று வீட்டைத் தெலுங்கில் மெச்சினார். சுவரில் விரிசல், ஒழுகல் ஏதாவது உண்டா என்று தமிழிலும் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாது சார், கண்ணாட்டம் வச்சிக்கினு இருக்கோம்" என்றாள் அம்மா.

நைனா வாயைத் திறந்தார். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். இந்த பார்டர் யார் போட்டது என்று ஆபீசர் கேட்டார். நான் ஒரு அடி முன்னால் வந்து, "நான்தான் சார்" என்றேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு, காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

லிஸ்டில் எங்கள் பேர் இல்லை. நைனா மண்டல ஆபீசுக்குப் போய்க் கேட்டதற்கு, வீடு நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறது என்றார்களாம். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, "என் வாயில மண்ண போட" என்று அழுதாள். நைனா தறிக்குப் போய் உட்கார்ந்தார். அவளை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஐப்பசி மழையில் பின்சுவர் நான் அடைத்த கோட்டிலேயே திறந்துகொண்டது. மறுநாள் நைனா சாப்பிட எழுந்து வந்த கொஞ்ச நேரத்தில் தறியின் மேல் விழுந்தது. மண்ணை வாரிக் கொட்டும்போது என் பென்சில் கிடைத்தது, தறியில் விறகுக்குத் தவிர வேறெதற்கும் உதவுகிற கட்டை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நைனா அடுத்த வீட்டிலேயே, அதே பவர்லூமில், கூலிக்குச் சேர்ந்தார்.

இப்போது அந்த வீடும் இல்லை, நைனாவும் இல்லை. அம்மா திருப்பதியில் என்னுடன் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். யாராவது வருகிறார்கள் என்றால் இன்றும் தரையைத் துடைக்கக் கிளம்பிவிடுவாள். எனக்கு வேலை, வீடு கேட்டு மனுப் போட்டவர்களின் வீட்டைப் போய்ப் பார்த்து எழுதுவது. போன மாதம் வடமாலபேட்டைப் பக்கம் ஒரு மண்வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே பதறிப்போய் வந்தாள்.

"இன்னா மேடம், வர்றேன்னு ஒரு நாள் முன்னாடி சொல்லக் கூடாதா? பூசி வச்சிருப்பேனே!"

நான் நேரே பின்சுவருக்குப் போய், விரிசலில் கையை விட்டுப் பார்த்தேன். இந்த வயதிலும் மணிக்கட்டு வரை போனது. அப்படியே எழுதிக்கொண்டேன்.